நங்கை சொல்லாத சொல்

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. பம்பாயில் அவருடைய அலுவலக அறைக் கதவில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் மருமகளாகக் காலெடுத்து வைத்த நாளிலிருந்து எனக்கு அவர் நங்கை. அவ்வளவுதான்.

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு முதலில் தெரிந்தது என் கல்யாண வீடியோவில். இணைச்சீர் நடக்கும்போது மணப்பெண் அங்கே இருப்பதில்லை. மாப்பிள்ளையையும் அவர் கூடப்பிறந்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, பெண்டாட்டி வந்தாலும் இந்த உறவு அறுந்துபோகாது என்று ஊருக்கு முன்னால் செய்கிற சீர் அது. வீடியோவில் தம்பிக்குப் பக்கத்தில் நங்கை கண்ணாடி போட்டுக்கொண்டு, பரிட்சை எழுதப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் கேலியாக, உனக்கு மகள் பிறந்தால் தம்பி மகனுக்குக் கொடுக்கிறேன் என்று சபையில் ஒரு வார்த்தை சொல்லு அம்மிணி என்கிறார். எல்லோரும் சிரிக்கக் காத்திருக்கிறார்கள்.

நங்கை யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறார். "எனக்கு இன்னுங் கல்யாணமே ஆவலீங்க. மகள் பொறக்குமான்னு தெரியாது. பொறந்தாலும் அவளுக்குப் பிடிக்குமான்னு தெரியாது. தெரியாததுக்கு எப்படிங்க வாக்குக் குடுக்கறது?"

பெரியவர் முகம் சுருங்கிப்போவது வீடியோவில் நன்றாகத் தெரியும். என் கணவர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அக்காவைப் பற்றி அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரிந்திருந்தது.

நங்கைக்குக் கல்யாணம் ஆகவேயில்லை. ஏன் என்று மாமியாரிடம் கேட்டால், வந்த மாப்பிள்ளைகளிடமெல்லாம் கேள்வி கேட்டு ஓட்டிவிட்டாள் என்பார். சேலத்தில் பொறியியல் படித்து, பம்பாயில் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உலை கட்டுகிறவர்கள் கொண்டுவருகிற வரைபடத்தையும் கணக்கையும் வாங்கிப் பார்த்து, இது உடைந்தால் என்ன, அது நின்றுபோனால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் உத்தியோகம். "அரசாங்கத்துல ஒரு கை முதுகுல தட்டிக் குடுத்து ஓடு ஓடுங்கும். இன்னொரு கை சட்டையப் புடிச்சு நில்லுங்கும். நான் நில்லுங்கற கை" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். அந்த வேலை அவருக்கு வாய்த்ததா, அந்த வேலைக்கென்றே அவர் பிறந்தாரா என்று எங்கள் வீட்டில் பேசிச் சிரிப்போம்.

எனக்கு எப்போதும் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் ஒரு நாள் கையும் காலும் வெட்டி இழுத்தது. அக்கம்பக்கமெல்லாம் ஓடிவந்து, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று என் தலையைத் தடவினார்கள். நங்கை அப்போது விடுமுறையில் வந்திருந்தார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரம் துடைத்து, காரை எடுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் அவர்தான் செய்தார். படித்தவராயிற்றே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க நங்கை, ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டேன். அவர் என் கையை விடவில்லை. ஆனால் சொல்லவுமில்லை. "எனக்கு அது தெரியாது அம்மிணி. கார் வந்துருச்சு. நானும் கூட வாரேன்" என்றார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தைக்குச் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மகளுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் அத்தை வேண்டும் என்று அழுவாள். வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று நாங்கள் சொல்வதை அவள் நம்ப மாட்டாள். நங்கை ஒருமுறை, "வலிக்கும் சாமி. எறும்பு கடிக்கறதவிட ஜாஸ்தியாவே வலிக்கும். கொஞ்ச நேரத்துல போயிரும். அதுவரைக்கும் என்ற வெரலக் கடிச்சுக்கோ" என்று சொல்லி விரலைக் கொடுத்திருந்தார். அவள் கடித்திருக்கிறாள். அன்றிலிருந்து அத்தை சொன்னால்தான் எதுவும் உண்மை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிரிவு எடுப்பது, எந்த ஊருக்குப் படிக்கப் போவது என்று எல்லாம் பம்பாய்க்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்தாள். அவளைப் படிக்க ஜெர்மனிக்கு அனுப்பும்போது கூட, நல்லாத்தான் இருக்கும் என்று நங்கை சொல்லவில்லை. மொத ஆறு மாசம் அழுவே, அதுக்குத் தயாராப் போ என்றுதான் சொன்னார்.

என் கணவருக்கு நாமக்கல்லில் டேங்கர் கட்டுகிற பட்டறை. தகட்டை வளைத்து, பற்றவைத்து, காஸ் லாரிகளுக்குத் தொட்டி செய்து கொடுப்பார். தோட்டத்தில் கோழிப்பண்ணை என் பொறுப்பு. வெயில் கூடிக்கொண்டே போனதால் பழைய திறந்த கொட்டகைகளில் ஒன்றை மூடின கொட்டகையாக மாற்றினோம். சுற்றிலும் திரை போட்டு அடைத்து, ஒரு முனையில் பெரிய மின்விசிறிகள், மறுமுனையில் ஈர அட்டைகள். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். விசிறி நின்றால் மட்டும் ஆபத்து. வெளியே வெயில் இருக்கிறதோ இல்லையோ, கோழிகளின் உடம்புச் சூடே அவற்றைக் கொன்றுவிடும்.

அமைத்துக் கொடுக்க வந்தவரிடம் நங்கை கேட்டார், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று. ஜெனரேட்டர் தானே ஓடும் என்றார் அவர். ஜெனரேட்டரும் ஓடாவிட்டால்? ஓடுமுங்க என்றார். ஓடலீன்னா என்று நங்கை. ஒண்ணும் ஆகாதுங்க மேடம் என்று அவர் சொன்னதும் நங்கைக்கு முகம் மாறிவிட்டது. அந்த விடுமுறை முழுக்க இதே வேலையாக அலைந்து, திரைகளைக் காந்தத்தில் தொங்கவிடுகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்ய வைத்தார். கரண்ட் போனால் காந்தம் பிடியை விட்டுவிடும், திரை தன் கனத்திலேயே கீழே விழுந்து காற்று வரும். ஆள் ஓடிவர வேண்டியதில்லை.

ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அது நடந்தது. கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் முக்கிவிட்டு நின்றுவிட்டது. நான் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருவதற்குள் திரைகளெல்லாம் இறங்கியிருந்தன. கடைக்கோடி மூலையில் ஒன்று மட்டும் இறங்கவில்லை. காற்றில் படபடக்கிறதென்று வேலையாள் யாரோ கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த மூலைக் கோழிகள் போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்தன.

நன்றி சொல்லத்தான் நங்கைக்குப் போன் செய்தேன். அவர் பிழைத்த கோழிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கயிற்றைப் பற்றியே கேட்டார். கட்டியவரைத் திட்டாதே என்றார். "படபடன்னு அடிச்சா மனுசன் கட்டத்தான் செய்வான். அது நான் யோசிக்காம விட்டது" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். செத்த கோழிகளுக்காக அவர் வருத்தப்பட்டது எனக்கு அப்போது மிகையாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சின்ன அணு உலைகளின் வேலை வந்தது. பெரிய அணுமின் நிலையம் கட்டப் பல வருஷம் ஆகும், இடமும் ஏராளம் வேண்டும். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன உலைகளாகப் பட்டறையில் செய்து, கொண்டுபோய் இறக்கிப் பொருத்திவிடலாம், நிலக்கரி எரித்து ஓய்ந்துபோன பழைய மின் நிலையங்களின் இடத்திலேயே வைத்துவிடலாம் என்று பேச்சு. அரசாங்கம் பட்ஜெட்டில் இதற்கென்று பணம் ஒதுக்கியது. அதுவரை அரசாங்கம் மட்டுமே செய்துவந்த தொழிலுக்குத் தனியாரும் வரலாம் என்று சட்டத்தையும் மாற்றியது.

நங்கைக்கு அந்த உலைகள் மேல் ஆசை இருந்தது. இதைப் பலபேர் நம்ப மாட்டார்கள். தடுக்கிற ஆள் என்றுதான் அவரைப் பற்றி நினைத்தார்கள். எனக்குத் தெரியும். ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறும். "அணைச்சாலும் சூடு ஒடனே அடங்காது அம்மிணி, உங்கோழி மாதிரியேதான். ஆளும் இல்லாம, கரண்டும் இல்லாம அது தானா ஆறிக்கோணும். அதுக்கு அழகா ஒரு வழி பண்ணியிருக்காங்க" என்றார். நல்லதுதானே, அப்புறம் எதற்கு இத்தனை கேள்வி என்று கேட்டேன். எங்காவது கயிறு கட்டியிருக்கிறதா என்று தேட வேண்டாமா என்று கேட்டார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

என் கணவருக்கும் அதே உலைகள் மேல் ஆசை வந்தது. அவருடைய ஆசை வேறு. பட்டறையில் செய்கிற உலை என்றால், செய்கிற பட்டறை எங்கள் பட்டறையாக ஏன் இருக்கக் கூடாது என்று அவர் கேட்டார். நாமக்கல்லிலும் சேலத்திலும் பட்டறை வைத்திருக்கிற நண்பர்கள் சேர்ந்தார்கள். உதிரி பாகம் செய்யத் தகுதி வாங்குவதற்கும் சோதனைக்கூடம் அமைப்பதற்கும் அரசாங்கம் உதவி செய்யும் என்று உலை கட்ட முன்வந்த ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து சொன்னார்கள். வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளெல்லாம் இங்கேயே வேலை செய்யலாம் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பேசுவார். அவர் அப்படிக் கண் விரியப் பேசி நான் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

அதற்குள் ஊரில் ஒரு புரளி கிளம்பிவிட்டது. உலையே இங்குதான் வரப்போகிறது, ஆற்றோரமாக வருகிறது, இல்லை ஓமலூர்ப் பக்கம் வருகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றும் முடிவாகியிருக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் பயந்தார்கள். கம்பெனிக்காரர்களும் என் கணவரின் கூட்டாளிகளும் சேர்ந்து நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக நங்கை அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். அதிகாரியாக வர வேண்டாம், எங்கள் அக்காவாக வந்து உட்கார்ந்தால் போதும் என்று கணவர் கெஞ்சினார். பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லித்தான் நங்கை வந்தார். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கூட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேள்வி நேரத்தில் மேச்சேரிப் பக்கமிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். ஆடு வளர்க்கிறவர். மேடையைப் பார்க்காமல் திரும்பி நங்கையைப் பார்த்தார். இவர்தான் அந்த ஆபீசில் இருக்கிறவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"இவங்க சொல்றது எங்களுக்குப் புரியலீங்க. நீங்க நம்மூட்டுப் பொண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஒண்ணும் ஆகாதுங்களா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து என் கணவர் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. எடுத்துக் கொடுத்த மாதிரி வாய்ப்பு வந்துவிட்டது, ஒரே ஒரு சொல்தானே என்று அந்த முகம் கேட்டது.

நங்கை எழுந்து நின்றார். தான் இங்கே அலுவலகத்துக்காகப் பேசவில்லை என்று முதலில் சொன்னார். பிறகு சொன்னார்: "ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. எதாச்சும் ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு முன்னாலயே ஒழுங்கா யோசிச்சு வெச்சிருக்காங்களான்னு பாக்கறதுதான் எங்க வேலை. யோசிக்கலீன்னா விடமாட்டோம். அத மட்டும் சொல்லலாம். ஒண்ணுமே ஆகாதுன்னு யாராச்சும் சொன்னா, அவங்ககிட்ட நீங்க இன்னும் நாலு கேள்வி கேக்கோணும்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரிதான் எனக்குப் பட்டது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. பாத்தீங்களா, அவங்களே சொல்றாங்க என்று ஒரு பக்கம் சத்தம் கிளம்பியது. கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் எல்லோருடைய போனிலும், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல முடியாது என்று நங்கை சொன்ன வரி மட்டும் ஓடியது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கம்பெனி வேறு ஊரைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

வீட்டில் என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்கென்னக்கா, சொல்லிட்டுப் போயிருவ. நான் இந்த ஊர்ல இருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் நங்கை வேறொன்றைச் சொன்னார். தம்பி இந்தத் தொழிலில் இறங்கப் பார்க்கிறான் என்று தெரிந்ததுமே அலுவலகத்தில் சொல்லிவிட்டாராம். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டால் சொல்லியாக வேண்டுமாம். அந்த உலையின் வேலையை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தானாக ஆறிக்கொள்கிற அந்த அழகான வரைபடம் இப்போது அவர் கையில் இல்லை.

என் கணவருக்கு அது தெரியாது. அக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு பட்டறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நங்கை மாமியாருக்குப் போன் செய்வார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கேட்காதவர் போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

என் கணவருக்கு நோய் வந்தபோது முதலில் முதுகுவலி என்றுதான் நினைத்தோம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கி மெலிந்திருக்கிறது, வெடிப்பதற்கு முன் மாற்ற வேண்டும் என்றார்கள். சிக்கலான ஆபரேஷன், பிழைக்காமல் போகவும் வாய்ப்புண்டு என்று டாக்டர் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். மறைக்கவில்லை. இந்த வாரத்துக்குள் செய்துவிட வேண்டும், அதற்குமேல் தள்ள வேண்டாம் என்றார். மகள் ஜெர்மனியில் பரிட்சைக்கு நடுவில் இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். அவளும் விமானத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள்.

நங்கை வந்தார். அக்காவைப் பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நங்கை டாக்டரைப் போய்ப் பார்த்தார். அங்கே எத்தனை கேள்வி கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

மாமியார் வராண்டாவில் நங்கையைப் பிடித்துக்கொண்டார். புள்ள பயந்து கெடக்கறான், சோறு எறங்க மாட்டேங்குது, தூங்க மாட்டேங்கறான், நீ ஒரு வார்த்தை சொன்னாத் தெம்பாயிருவான் என்று அழுதார். நங்கை அம்மாவின் கையை விலக்கிவிட்டு உள்ளே வந்தார்.

இவர் படுத்திருந்தபடியே அவரைப் பார்த்தார். அதட்டலும் கோபமுமாக இருந்த மனிதர், அன்றைக்கு முகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்ல மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். தம்பியின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணும் ஆகாது சாமி."

என் கணவர் சிரித்துவிட்டார். எங்கள் கல்யாண வீடியோவில் சிரித்த மாதிரியே. "இவளே சொல்லிட்டாளே" என்று என்னிடம் சொன்னார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பசிக்கிறது என்றார். அப்புறம் என் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார். நீ பதறிப் போய் வர வேண்டாம், பரிட்சையை முடித்துவிட்டே வா என்றார். அவள் என்னவோ மறுத்துப் பேசினாள். "அத்தை சொல்லிட்டா கண்ணு. உன்ற அத்தையே சொல்லிட்டா" என்றார். அந்தப் பக்கம் அவள் சரி என்றுவிட்டாள். அத்தை சொன்னால் அவளுக்கும் வேறு கேள்வி கிடையாது.

நங்கை அதைத் தடுக்க வாயெடுத்ததை நான் பார்த்தேன். ஆனால் தம்பி இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாப்பாட்டை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

ஆபரேஷனை அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. என் கணவர் கண் திறக்கவேயில்லை.

மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பையைக்கூட இறக்காமல் நேராகப் போய் நங்கையின் முன்னால் நின்றாள்.

"அத்தை, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்ல சாமி" என்றார் நங்கை. "தெரியாமத்தான் சொன்னேன்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர்கள் நம்பிக்கை கொடுத்தார்கள் என்றோ, உன் அப்பா நிம்மதியாகப் போனார் என்றோ. அந்த வீட்டிலிருந்த எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அது எதையும் சொல்லவில்லை. மகள் பையை அங்கேயே இறக்கினாள். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நங்கை இருக்கும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

கிளம்புகிற அன்றைக்குக் கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நங்கை என்னிடம் பேசினார். அதுதான் அவர் நேரில் மனம் விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு. "அவன் கண்ணப் பாத்தேன் அம்மிணி. பதிலு தெரிஞ்சுக்கோணும்னு கேக்கற கண்ணு இல்ல அது. அதான் சொல்லிப்போட்டேன்" என்றார். என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். அவர் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்.

சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். அங்கே எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சின்ன உலைகளுக்கு அனுமதி கேட்டு ஒவ்வொருவராக வருகிற நேரம், உங்களைப் போன்றவர்கள்தான் இப்போது வேண்டும் என்றார்களாம். ஏன் விட்டீர்கள் என்று போனில் கேட்டேன். "பாதிப்பு எதுவும் வராதுன்னு எழுதிக் கொண்டாந்து வெப்பாங்க. முன்னயெல்லாம், இத விக்கறதுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சுப் படிப்பேன். தைரியமாக் கேள்வி கேப்பேன். இப்ப அந்த வரி வந்தா என்ற கொரலே கேக்குது. ஆசைப்பட்டுச் சொல்றாங்களா, ஏமாத்தச் சொல்றாங்களான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. அப்படிப்பட்ட ஆளு அந்த நாற்காலியில உக்காரக் கூடாது அம்மிணி."

இப்போது மைசூரில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். எத்தனை முறை கூப்பிட்டும் இங்கே வரவில்லை. பட்டறையை நான் விற்றுவிட்டேன். உலை எந்த ஊருக்கு வருகிறது என்று பேப்பரில் ஏதாவது செய்தி வரும். படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நங்கை போன் செய்வார். கோழி, மழை, மாமியாரின் முழங்கால். மகளைப் பற்றி அவர் கேட்க மாட்டார். நானாகச் சொன்னால் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வார்.

போன மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யாரென்று அவளுக்கும் தெரிந்தது. நான் எடுத்து, பேசு என்று சொல்லாமல், அவள் பக்கமாக நீட்டினேன். அவள் அந்தப் போனைப் பார்த்தாள். எண்ணெய்க் கையை என் மடிச் சேலையில் துடைத்தாள். வாங்கிக்கொள்வாள் என்றே நினைத்தேன். எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

காதில் வைத்தேன். நங்கை கோழியைப் பற்றிக் கேட்கவில்லை.

"பக்கத்துல யாரு அம்மிணி?" என்றார்.

"யாருமில்லீங்க நங்கை" என்றேன்.

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை, மூச்சு விடுகிறது கேட்டது.

"செரி" என்றார். பிறகு, அங்கே மழை பெய்ததா என்று கேட்டார்.